காலையில் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகும் கார்: காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

காலை ஆறரை மணிக்கு எத்தனை முறை சாவியைத் திருப்பியும் முனகிக்கொண்டே நின்ற கார், பதினொரு மணிக்கு ஒர்க்ஷாப் வாசலில் ஒரே திருப்பில் கிளம்பிவிடுகிறது. இந்தப் பழுது மாதக்கணக்கில் தீராமல் இழுத்தடிப்பதற்கு இதுதான் காரணம். இரவு முழுக்க நின்ற எஞ்சினில், அன்றைய முதல் ஸ்டார்ட்டில் மட்டுமே அது தன்னைக் காட்டுகிறது. மெக்கானிக் பார்க்கும் நேரத்தில் எஞ்சின் சூடாகியிருக்கும். வழியில் பேட்டரியிலும் கொஞ்சம் சார்ஜ் ஏறியிருக்கும். அதன்பிறகு எல்லாம் ஊகம்தான். இந்த வாரம் பேட்டரி, அடுத்த வாரம் பிளக், அதற்கடுத்து பியூவல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். பணம் கரையும், பழுது இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆகவே நான் விடாமல் வலியுறுத்துவது ஒன்றுதான். அளக்க வேண்டியதைக் காலையில், முதல் முறை சாவியைத் திருப்பும் முன்பே அளந்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் மறுநாள் காலை வரை பொறுத்திருந்து பாருங்கள்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 எம்எம் ஸ்பானர், ஒரு டார்ச், கம்பி பிரஷ். செல்போனுடன் புளூடூத்தில் இணைந்து, எஞ்சின் கணினியிலுள்ள அளவுகளைக் காட்டும் சிறிய ஓபிடி ஸ்கேனர் ஒன்று இருந்தால் பெட்ரோல், டீசல் பகுதிகளில் மிகவும் கைகொடுக்கும். அதன் விலை, தேவையில்லாமல் மாற்றும் ஒரு சென்சாரின் விலையைவிடக் குறைவு.

முதலில் ஒலியைக் கேளுங்கள்

சாவியைத் திருப்பியதும் வரும் ஒலியே பாதி வழியைக் காட்டிவிடும். ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, நீங்கள் பானெட்டைத் திறந்து அருகில் நின்று கேளுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கைபிரேக் போட்டிருக்கட்டும்.

எஞ்சின் மெதுவாக, திணறித் திணறிச் சுற்றுகிறது என்றால் மின்சாரம் போதவில்லை. பேட்டரி, கேபிள் இணைப்புகள், எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் ஆகிய மூன்றுக்குள்தான் பழுது இருக்கிறது. ‘டிக் டிக் டிக்’ என்று வேகமான தொடர் ஒலி வந்து டாஷ்போர்டு விளக்குகளும் மங்கினால், பேட்டரி இறங்கிவிட்டது அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டக்’ ஒலி மட்டும் வந்து, விளக்குகள் பிரகாசமாகவே இருந்தால் செல்ஃப் மோட்டாரையோ, அதற்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சாலினாய்டையோ சந்தேகிக்கலாம். எந்த ஒலியும் இல்லையா? கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் காரில் கியர் நிலை, ஸ்டார்ட்டர் ரிலே, ஃபியூஸ் என்று பார்க்க வேண்டும்.

எஞ்சின் வழக்கமான வேகத்தில் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ள மறுக்கிறது என்றால் கதையே வேறு. பேட்டரியில் கைவைக்காதீர்கள், எரிபொருள், தீப்பொறி, சென்சார் பக்கம் போங்கள். இந்த இரண்டு வகையையும் பிரித்தறியாமல் செலவு செய்கிறவர்களே அதிகம். டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் கார் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

எந்த வகையானாலும், ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். செல்ஃப் மோட்டார் குறுகிய நேர வேலைக்காகச் செய்யப்பட்டது. தொடர்ந்து அடித்தால் சுருளே கருகிவிடும்.

பேட்டரி: மூன்று அளவுகள்

முந்தைய நாள் மாலை காரை நிறுத்திய பிறகு கதவைக்கூடத் திறக்காமல் விட்டுவிடுங்கள். காலையில் பானெட்டைத் திறந்து, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி நிலையில் வைத்து, பேட்டரியின் இரு முனைகளிலும் அளங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அந்தப் பேட்டரி ஏறக்குறைய காலியாகவே இரவைக் கழித்திருக்கிறது. வண்டியை நிறுத்திய உடனே அளந்தால் பொய்யாக உயர்ந்த அளவு வரும். அதை நம்பக் கூடாது.

இரண்டாவது அளவுதான் மிக முக்கியமானது. மீட்டரின் முனைகளை அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்றும்போது வோல்டேஜ் 9.6-க்குக் கீழே போகக் கூடாது. காலையில் 12.5 காட்டிய பேட்டரி செல்ஃப் அடித்ததும் 8-க்குச் சரிந்தால், அதற்குச் சார்ஜ் இருக்கிறது, சக்தி இல்லை. தகடுகள் தேய்ந்துவிட்டன. இதை எத்தனை முறை சார்ஜ் போட்டாலும் மீட்க முடியாது.

கார் ஸ்டார்ட் ஆனபின் மூன்றாவது அளவு. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். முகப்பு விளக்கு, ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டாலும் 13.5-க்கு மேல் நின்றால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. அண்மைக்காலக் கார்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த எஞ்சின் கணினியே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அப்படிப்பட்ட காரில் ஒரு முறை குறைவாகக் காட்டியதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். விளக்குகளைப் போட்டுவிட்டு மீண்டும் அளங்கள்.

நம் ஊரில் பேட்டரியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: குளிர்தான் பேட்டரியைக் கொல்கிறது என்று. கொல்வது வெயில். வெப்பம் 10 டிகிரி ஏறினால் உள்ளே நடக்கும் அரிப்பு வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. சென்னையிலும் வேலூரிலும் சித்திரை வைகாசி வெயிலில் பானெட்டுக்குள் வெந்த பேட்டரி, மார்கழியில்தான் தன் பலவீனத்தைக் காட்டும். அதே பேட்டரியோடு உதகைக்குப் போய் ஒரு இரவு வெளியே நிறுத்தினால் மறுநாள் காலை படுத்துவிடும். 0 டிகிரி அளவில் பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, எஞ்சின் ஆயிலோ கெட்டியாகிக் கூடுதல் இழுவிசை கேட்கிறது. சமவெளியில் மூன்று, நான்கு ஆண்டு ஓடிய பேட்டரி என்றால் மலைப்பயணத்துக்கு முன் கடையில் கொடுத்து, சுமை ஏற்றிச் சோதிக்கும் லோடு டெஸ்ட் செய்துகொள்ளுங்கள்.

புதிய பேட்டரி வாங்க நேர்ந்தால் பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் குறியீட்டை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். முடிவில் உள்ள எல் அல்லது ஆர் எழுத்து முனைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதைக் குறிக்கிறது. மாறிப்போனால் கேபிள் எட்டாது. சிக்னலில் தானே அணைந்து மீண்டும் கிளம்பும் வசதியுள்ள காருக்கு, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைப் பேட்டரிதான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரியைப் போட்டால் சீக்கிரமே கெட்டுவிடும். உத்தரவாதக் காலத்தின் முதல் பாதியில் இலவச மாற்று, மறுபாதியில் விலையில் தள்ளுபடி என்பதே இங்கு பொதுவான நடைமுறை. ரசீதையும் முத்திரையிட்ட அட்டையையும் பத்திரமாக வையுங்கள்.

டெர்மினலும் எர்த் கேபிளும்

பேட்டரி நன்றாக இருந்தும் எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறதா? பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டார் வரை மின்சாரம் போகும் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. பலர் இந்த இடத்தைப் பார்க்காமல் தாண்டிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து, செலவே இல்லாமல் தீரும் பழுதுகளில் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

டெர்மினல்மேல் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் முதலில் கருப்பு நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள், பிறகு சிவப்பு. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் பூத்திருப்பது நுரைத்துக் கரையும். பேட்டரி மூடிகளுக்குள் அந்தக் கரைசல் இறங்கிவிடக் கூடாது. கம்பி பிரஷால் ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, துடைத்து உலர்த்தி, சிவப்பை முதலிலும் கருப்பைக் கடைசியிலும் மாட்டி இறுக்குங்கள். மேலே மெலிதாக வாஸ்லின் தடவினால் மீண்டும் பூக்காது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், உள்ளே இருப்பது கந்தக அமிலம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் அருகில் தீப்பெட்டியோ சிகரெட்டோ கூடவே கூடாது.

பார்வைக்குத் தெரியாத தடையைப் பிடிக்க மல்டிமீட்டர் வேண்டும். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறுமுனையை எஞ்சினின் வர்ணம் பூசாத உலோகத்திலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 1 வோல்ட் காட்டினால், பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த் கேபிள் துருப்பிடித்திருக்கிறது அல்லது அதன் போல்ட் தளர்ந்திருக்கிறது. இதேபோல் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் போல்ட்டுக்கும் இடையே அளந்தால் 0.5-க்குள் இருக்க வேண்டும். கடலோர ஊர்களில், உப்புக் காற்றில் நிற்கும் கார்களில் எர்த் கேபிளின் உறைக்குள்ளேயே செம்பு பச்சை பிடித்துப் பொடியாகியிருப்பதுண்டு. கேபிளை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு.

இரண்டு கேபிள்களும் சரி, பேட்டரியும் சரி, இன்னும் சோம்பலாகத்தான் சுற்றுகிறது என்றால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ், புஷ் மாற்றச் சொல்லுங்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இதை நன்றாகவே செய்வார்கள்; முழு மோட்டாரையும் புதிதாக வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. ஆயிலையும் ஒருமுறை பாருங்கள். 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் குளிர்ந்த காலையில் அது பாகாக நின்று எஞ்சினை இழுக்கும்.

இரவில் மின்சாரத்தைத் தின்பது எது?

மாலையில் முழு சார்ஜ், காலையில் 12.1. பேட்டரியைக் கடையில் சோதித்தால் நல்லது என்கிறார்கள். அப்படியானால் காரை அணைத்த பிறகும் ஏதோ ஒன்று மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. பெரும்பாலும் பின்னால் சேர்த்த பொருள்கள்தாம்: ஜிபிஎஸ் கருவி, டேஷ் கேமரா, ஆம்பிளிஃபையர், அலாரம். டிக்கியிலோ கையுறைப் பெட்டியிலோ அணையாத சிறு பல்பு, எலி கடித்து உரிந்த வயர் ஆகியவற்றையும் பாருங்கள்.

கணக்கு எளிது. அணைத்த கார் 50 மில்லி ஆம்பியருக்குள் எடுத்தால் அது இயல்பு. 12 மணி நேரத்தில் 0.6 ஆம்பியர்-மணி மட்டுமே போகும். 400 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டிருந்தால் அதே நேரத்தில் 4.8 ஆம்பியர்-மணி காலி. சனி மாலை நிறுத்திய காரைத் திங்கள் காலை எடுக்கும்போது, 36 மணி நேரத்தில், 14 ஆம்பியர்-மணிக்கு மேல் போயிருக்கும். சிறிய கார்களில் 35 ஆம்பியர்-மணிப் பேட்டரிதான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அளக்கும் முறை: எல்லாவற்றையும் அணைத்து, சாவியைக் காரிலிருந்து தள்ளி வைத்து, பானெட் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடியதுபோல் ஆக்குங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி, நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் இணையுங்கள். காரின் கணினிகள் உறங்கப்போக 20 முதல் 40 நிமிடம் ஆகும். அதற்குள் காட்டும் அளவுக்கு மதிப்பில்லை. மீட்டர் இணைந்திருக்கும்போது இக்னிஷனை ஆன் செய்யவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

அளவு அதிகமாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழி. பிடுங்கி மாட்டும்போது உறங்கிய கணினிகள் விழித்துக்கொள்ளும் என்பதால், மாட்டிய நிலையிலேயே ஃபியூஸின் தலையில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளில் மில்லி வோல்ட் அளப்பது மேல். எந்த ஃபியூஸில் பூஜ்யத்துக்கு மேல் காட்டுகிறதோ அதன் வழியே மின்சாரம் ஓடுகிறது. எந்த ஃபியூஸிலும் பிடிபடவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடு கசியலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏசி வோல்டேஜ் அளந்து பாருங்கள், 0.5-க்கு மேல் வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இப்படி மின்சாரத்தைத் தின்பது எதுவும் இல்லை, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது என்பவர்கள் தங்கள் ஓட்டத்தை யோசிக்க வேண்டும். தினமும் பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓடும் காரில், ஸ்டார்ட்டுக்குச் செலவான மின்சாரமே திரும்பி ஏறுவதில்லை. வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். நிறுத்திவைத்துப் பத்து நிமிடம் ஓடவிடுவது பேட்டரிக்கு ஏறக்குறைய ஒன்றும் செய்யாது.

நன்றாகச் சுற்றியும் பற்றாத பெட்ரோல் கார்

இதற்கு முதல் சோதனைக்குக் கருவியே தேவையில்லை. காலையில் செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பின் இருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு வினாடி ‘ஊம்ம்’ என்ற மெல்லிய ஒலி கேட்கும். அது பியூவல் பம்ப். அணைத்து, மீண்டும் ஆன் செய்யுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தபின் ஸ்டார்ட் செய்தால் உடனே பற்றிக்கொள்கிறதா? அப்படியானால் இரவில் பைப்பில் இருக்க வேண்டிய அழுத்தம் வடிந்துபோகிறது. பம்பிலுள்ள ஒருவழி வால்வு கசிகிறது, அல்லது எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்று சொட்டுகிறது. இன்ஜெக்டர் சொட்டும் காரில் ஸ்டார்ட் ஆனதும் பெட்ரோல் வாடையும் கரும்புகையும் வரும். பம்ப் ஒலியே கேட்கவில்லை என்றால் அதன் ஃபியூஸ், ரிலே என்ற வரிசையில் போங்கள்.

மூன்று முறை ஆன் செய்தும் மாற்றமில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் (கூலன்ட்) வெப்ப சென்சார். எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் கணினி கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். சென்சார் தவறாக ‘80 டிகிரி’ என்று சொன்னால் சூடான எஞ்சினுக்குரிய அளவே கிடைக்கும். குளிர்ந்த எஞ்சினுக்கு அது போதாது. இதைப் பிடிக்க மிக நேர்த்தியான வழி ஒன்று இருக்கிறது. காலையில் ஸ்கேனரை மாட்டி, சாவியை ஆன் செய்து, கூலன்ட் வெப்பநிலையையும் உள்வரும் காற்றின் வெப்பநிலையையும் அருகருகே பாருங்கள். இரவு முழுக்க நின்ற காரில் இரண்டும் வெளி வெப்பநிலையை ஒட்டி ஏறக்குறைய சமமாக இருந்தாக வேண்டும். ஒன்று 27, மற்றது 55 என்றால் பழுதான சென்சார் கையும் களவுமாகச் சிக்கிவிட்டது. அளவு சற்றே பிசகும் சென்சாருக்கு எச்சரிக்கை விளக்கு எரியாமலும் இருக்கலாம். அதனால்தான் இது பலர் கண்ணில் படுவதில்லை.

பிளக்குகள் எளியவை. நிக்கல் முனையுள்ளவை 30,000 முதல் 40,000 கிலோமீட்டர், இரிடியம் ஏறக்குறைய ஒரு லட்சம். உங்கள் கையேடு சொல்வதே இறுதி. கழற்றும்போது எந்தப் பிளக் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் ஈரமாகவோ கரி படிந்தோ இருந்தால் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் அந்த சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள்; பழுது கூடவே நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. மழைக்காலக் காலைகளில் மட்டும் தகராறு என்றால் காயிலின் ரப்பர் உறையில் விரிசலைத் தேடுங்கள். ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்து, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் நிற்கிறது என்றால், எஞ்சினுக்குக் காற்று போகும் வழியான த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறது. அதற்குரிய கிளீனரால் துடைத்தால் போதும்.

பல முறை அடித்துப் பிளக் பெட்ரோலில் நனைந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாக மிதித்தபடி சில வினாடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் கணினி அப்போது பெட்ரோலை நிறுத்திவிடும், உள்ளே இருப்பது காயும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பலர் காரணம் சொல்கிறார்கள். எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் தேவை என்பதால், கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் முதல் ஸ்டார்ட் சற்று சிரமப்படுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. சமவெளியில் அதன்மேல் பழிபோடும் முன் மேலே சொன்னவற்றைப் பார்த்துவிடுங்கள். சிஎன்ஜி காரில் எப்போதும் வாயுவிலேயே ஓட்டி, டேங்கின் அடியில் மாதக்கணக்காகப் பழைய பெட்ரோலை விட்டுவைப்பதும் ஒரு காரணம்; பல கார்கள் காலையில் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகின்றன.

டீசல் என்றால்

டீசலுக்குத் தீப்பொறி கிடையாது. அழுத்திய காற்றின் சூடுதான் தீ. குளிர்ந்த சிலிண்டர் சுவர் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுவதால் ஹீட்டர் பிளக் உதவுகிறது. டாஷ்போர்டில் சுருள் போன்ற மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்கிறீர்களா என்பதை முதலில் கவனியுங்கள். இரண்டு முறை சூடேற்றியபின் எளிதாகப் பற்றினால், அல்லது ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகையோடு ஒரு நிமிடம் உதறினால், ஹீட்டர் பிளக் ஒன்றோ இரண்டோ போய்விட்டது. வயரைக் கழற்றி ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் நல்ல பிளக் 1 ஓம் அளவில் காட்டும், இறந்தது எதுவும் காட்டாது. புதிய கார்கள் சிலவற்றில் குறைந்த வோல்டேஜில் இயங்கும் பிளக்குகள் இருப்பதால் நேராக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்காதீர்கள். கழற்றும்போது எஞ்சின் சூடாக இருக்கட்டும். குளிர்ந்த நிலையில் பலம் கொடுத்தால் பிளக் உள்ளேயே ஒடிந்து பெரும் செலவில் கொண்டுபோய் விடும்.

சமவெளியில் ஹீட்டர் பிளக்கைவிட அடிக்கடி வருவது காற்றுப் புகுதல். டீசல் பைப்பில் எங்கோ மயிரிழை ஓட்டை. இரவில் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். ஃபில்டர் மாற்றிய வாரத்திலிருந்து தொடங்கிய தொல்லை என்றால் அதன் ரப்பர் வளையத்தையும் வடிகால் திருகையும் பாருங்கள். டீசலைக் கையால் அழுத்தி ஏற்றும் கை பிரைமர் உள்ள காரில் காலையில் முதலில் அதை அழுத்துங்கள். தொளதொளவென்று இருந்து, பல அழுத்தங்களுக்குப் பிறகு கெட்டியாகி, உடனே ஸ்டார்ட் ஆனால் காற்றுதான்.

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் ஏறக்குறைய 200 பார் அழுத்தம் சேர்ந்தால்தான் கணினி டீசலைத் தெளிக்க அனுமதிக்கும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ரெயில் அழுத்தத்தைப் பாருங்கள். மெதுவாக ஏறினால் இன்ஜெக்டர்கள் திரும்பும் பைப் வழியே அதிகமாகக் கசியவிடலாம். நான்கிலிருந்தும் வடியும் அளவை ஒப்பிடும் சோதனையை ஒர்க்ஷாப்பில் கேளுங்கள். அந்த உயர் அழுத்தப் பைப்புகளை வீட்டில் தளர்த்தவே கூடாது. அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

அவசரத்துக்கு ஜம்பர் கேபிள்

சிவப்புக் கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கருப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் நெகட்டிவில்; மறுமுனை இறங்கிய காரின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும் என்பதால் இந்த வரிசை. நல்ல காரைச் சில நிமிடம் ஓடவிட்டபின் ஸ்டார்ட் செய்து, மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள்.

ஒர்க்ஷாப்பில் கொடுக்கும்போது

மேலே சொன்ன எதிலும் பிடிபடவில்லை என்றால் மிஞ்சுவது கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று போதிய அளவு அழுந்தாமல் போவது. பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். வாயுவில் அதிகம் ஓடிய காரில் வால்வு இருக்கை அமிழ்ந்து, வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி குறைந்து, குளிர்ந்த நிலையில் வால்வு முழுமையாக மூடாமல் போகலாம். இது வீட்டில் செய்யும் வேலை அன்று.

காரை முந்தைய நாள் மாலையே விட்டுவிட்டு, மறுநாள் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கே செய்யும்படி கேளுங்கள். ஒரு தாளில் காலை வோல்டேஜ், செல்ஃப் அடிக்கும்போது இறங்கிய வோல்டேஜ், இரண்டு வெப்பநிலைகள், புகையின் நிறம், எத்தனை மணி நேரம் நின்றபின் தொல்லை வருகிறது என்பவற்றை எழுதிக் கொடுங்கள். செல்போனில் எடுத்த அரை நிமிட ஸ்டார்ட் வீடியோவையும் காட்டுங்கள். மாற்றிய பழைய பாகங்களை வாங்கிக்கொள்ளுங்கள்.